கனடா பி.ஆர்.: கணவன், மனைவி ரெண்டு பேரில் யார் பெயரில் போடுவது?

கேள்வி, 14 செப்டம்பர் 2025

"எனக்கு 38 வயது, பி.இ., சாஃப்ட்வேர் வேலை. மனைவிக்கு 31. எம்.எஸ்சி., பி.எட்., மேல்நிலைப் பள்ளியில் 7 வருடமாக டீச்சர். ஒரு குழந்தை. கனடா பி.ஆர். (நிரந்தர வசிப்புரிமை) போடலாம் என்று ஒரு ஏஜென்ட்டிடம் போனோம். புருஷன் பெயரில்தான் போடவேண்டும் என்கிறார். மனைவியைக் 'கூட வரவில்லை' என்று காட்டினால் மார்க் ஏறும், பிறகு கூப்பிட்டுக்கொள்ளலாம் என்கிறார். நான் ஐ.ஈ.எல்.டி.எஸ். எழுதிவிட்டேன், கேட்பது, படிப்பது, எழுதுவது, பேசுவது நாலிலும் சி.எல்.பி. (கனடாவின் மொழித்திறன் அளவு) 8. மனைவி எழுதவில்லை. குடும்பமாகப் போட்டால் 293 வருகிறது, தனியாளாகப் போட்டால் 311. ரெண்டுமே எந்த டிராவுக்கும் (மார்க் வரிசையில் அழைப்பு அனுப்பும் சுற்று) பக்கத்தில்கூட இல்லை. விட்டுவிடலாமா?"

14 செப்டம்பர் 2025, இரவு

விடாதீர்கள். முதலில் உங்கள் மனைவி பெயரில் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

எக்ஸ்பிரஸ் என்ட்ரியில், அதாவது மார்க் போட்டு பி.ஆருக்கு ஆள் எடுக்கும் கனடாவின் முறையில், புருஷன்தான் மெயின் (முதன்மை விண்ணப்பதாரர்) என்று எந்த விதியும் கிடையாது. தகுதி இருந்தால் ரெண்டு பேரும் தனித்தனியாக ப்ரொஃபைல் போடலாம், ஒருவர் ப்ரொஃபைலில் மற்றவரைத் துணையாகக் காட்டலாம். யாருக்கு அழைப்பு வருகிறதோ அவர் பெயரில் குடும்பமே போகலாம். போய் இறங்கிய பிறகு ரெண்டு பேருக்கும் ஒரே பி.ஆர்.தான். ஆளுக்கொரு கார்டு, யாரிடம் வேண்டுமானாலும் வேலை பார்க்கலாம், ஒருவர் உரிமை இன்னொருவரை நம்பி நிற்காது.

எங்கள் கதையைச் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் கதையேதான். 2023 தொடக்கத்தில் எங்களுக்கும் ஒருவர் இதையேதான் சொன்னார். என் வீட்டுக்காரர் பெயரில் ப்ரொஃபைல் போட்டோம். அப்போது அவருக்கு 36, எனக்கு 31. ரெண்டு பேருமே முதுகலை. நான் நர்ஸ். நான் டெஸ்ட்டும் எழுதவில்லை, என் படிப்புக்கு இ.சி.ஏ.வும் (வெளிநாட்டுப் படிப்புக்கான மதிப்பீடு) வாங்கவில்லை. "நீ கூட வர்றவதானே" என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் அப்படித்தான் நினைத்தேன். 329 மார்க்கோடு அந்த ப்ரொஃபைல் மாதக்கணக்கில் சும்மா கிடந்தது.

ஒரு ராத்திரி குழந்தை தூங்கின பிறகு சாப்பாட்டு மேசையில் ரெண்டு தாள் எடுத்துப் போட்டோம். ஒரு தாளில் அவர் பெயர், ஒரு தாளில் என் பெயர். வயதுக்கு அவருக்கு 65, எனக்கு 90. படிப்புக்கு ரெண்டு பேருக்கும் 126. ஆங்கிலத்துக்கு அவருக்கு சி.எல்.பி. 8 என்பதால் 88, நான் சி.எல்.பி. 9 எடுத்தால் 116. இதுவரை வித்தியாசம் பெரிதாகத் தெரியவில்லை. அடுத்த வரியில்தான் இருவருமே நிமிர்ந்து உட்கார்ந்தோம். படிப்பையும் வெளிநாட்டு அனுபவத்தையும் ஆங்கிலத்தோடு சேர்த்துத் தருகிற மார்க், சி.எல்.பி. 8 வரைக்கும் 25ம் 25ம். நாலிலும் 9 தொட்டால் 50ம் 50ம். அந்த ஒரு படியில் மட்டும் 50 மார்க். கடைசியில், நான் டெஸ்ட் எழுதிவிட்டேன் என்று வைத்துக்கொண்டாலும் அவர் பெயரில் 359, என் பெயரில் 454.

இவர் தாளை ரெண்டு தடவை கூட்டிப் பார்த்தார். பிறகு பேனாவை என்னிடம் தந்து, "அப்போ நீயே போடு" என்றார்.

2023 அக்டோபர் 26 அன்று மருத்துவத் துறைக்குத் தனி டிரா வந்தது. 3,600 பேருக்கு அழைப்பு, கட்ஆஃப் 431. அதில் எனக்கு வந்தது. 2024 ஆகஸ்டில் மூன்று பேரும் இறங்கினோம்.

15 செப்டம்பர் 2025, காலை

ஒன்று விட்டுப்போச்சு. 2023லிருந்து கனடா குறிப்பிட்ட தொழில்களுக்கும் பிரெஞ்சு தெரிந்தவர்களுக்கும் தனித்தனியாக டிரா நடத்துகிறது. தொழில் டிராவுக்கு மெயினாக இருப்பவரின் வேலை அனுபவத்தை வைத்துத்தான் தகுதியைப் பார்ப்பார்கள். துணை நர்ஸாக இருந்தாலும் மெயின் வேறு வேலை என்றால் மருத்துவ டிராவில் வரமாட்டீர்கள். 2025 பிப்ரவரியில் கல்வித் துறையைப் புதிதாகச் சேர்த்தார்கள், மேல்நிலைப் பள்ளி ஆசிரியர்கள் அந்தப் பட்டியலில் இருக்கிறார்கள். மே 1ல் 1,000 பேரைக் கூப்பிட்டார்கள், கட்ஆஃப் 479.

உங்கள் மனைவி டீச்சர். இதை ஏஜென்ட் உங்களிடம் சொல்லாதது எனக்கு ரொம்பக் கோபமாக வருகிறது.

அந்த ஏஜென்ட்டுக்கு உரிமம் இருக்கிறதா என்றும் பாருங்கள். காசு வாங்கிக்கொண்டு ஆலோசனை சொல்ல, கனடாவின் குடிவரவு ஆலோசகர் கல்லூரியில் பதிந்தவராக இருக்கவேண்டும், அல்லது கனடா வழக்கறிஞராக இருக்கவேண்டும். அந்தக் கல்லூரியின் பதிவேட்டில் பெயரைப் போட்டு யார் வேண்டுமானாலும் தேடலாம்.

15 செப்டம்பர் 2025, இரவு

'கூட வரவில்லை' விஷயம். இதை நிதானமாக எழுதவேண்டும் என்று காலையில் விட்டுவைத்தேன்.

துணையோடு போகிறவருக்கு வயது, படிப்பு, மொழி முதலான அடிப்படைப் பகுதியில் 460 தான் உச்சம், தனியாள் என்றால் 500. இந்த 40 மார்க் வித்தியாசத்தைக் காட்டித்தான் ஏஜென்ட்கள் ஆசை காட்டுகிறார்கள். ஆனால் அந்த 40ஐயும் துணையே சம்பாதித்துக் கொடுக்கலாம். படிப்புக்கு 10, ஆங்கிலத்துக்கு 20, கனடா வேலை அனுபவத்துக்கு 10. எங்கள் கணக்கில் இவர் முதுகலைக்கு 10, நாலிலும் சி.எல்.பி. 8க்கு 12 கொண்டுவந்தார். நான் அவரை விட்டுவிட்டுத் தனியாளாகப் போட்டிருந்தால் 458 வந்திருக்கும். சேர்த்துப் போட்டபோது 454. நாலே நாலு மார்க். அந்த நாலு மார்க்குக்காக வருடக்கணக்கில் பிரிந்து இருப்பதா?

உண்மையிலேயே துணை இப்போது வரமுடியாது என்றால் அப்படிக் காட்டுவது தப்பில்லை. அப்போதும் அவர் பெயரை விண்ணப்பத்தில் எழுதியே ஆகவேண்டும். அவருக்கும் மெடிக்கல் பரிசோதனை உண்டு, போனதும் செலவுக்கு என்று காட்டவேண்டிய கையிருப்புப் பணக் கணக்கில் அவரும் ஒரு தலை. பிறகு ஸ்பான்சர் செய்து கூப்பிடவேண்டும், அது தனி விண்ணப்பம், தனிக் காத்திருப்பு. வரப்போகிறவரை மார்க்குக்காக வரவில்லை என்று காட்டினால் அது பொய்த் தகவல். பிடிபட்டால் 5 வருடத் தடை.

இதைவிட மோசம், கல்யாணமே ஆகவில்லை என்று போடுவது. விண்ணப்பத்தில் சொல்லாமல் மறைத்து, மெடிக்கலும் செய்யாமல் விட்ட மனைவியையோ குழந்தையையோ பிறகு குடும்ப வகுப்பில் ஸ்பான்சர் செய்யவே முடியாது. கனடா குடிவரவு விதி 117(9)(d). இந்த எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள், ஏஜென்ட் மறுபடி சொன்னால் இதைப் பற்றிக் கேளுங்கள். விண்ணப்பம் போட்ட பிறகு, இறங்குவதற்கு முன் கல்யாணம் ஆனாலும் இதே விதிதான். இறங்கும் முன் சொல்லிவிடவேண்டும்.

16 செப்டம்பர் 2025

நேற்று எழுதியதில் ஒரு திருத்தம். "அந்த 40ஐயும் துணையே சம்பாதிக்கலாம்" என்று எழுதிவிட்டேன். கனடாவில் வேலை பார்க்காத துணைக்கு அந்தக் கடைசி 10 கிடைக்காது. வெளியிலிருந்து போடுகிறவர்களுக்கு 30 தான் உச்சம். நாலிலும் சி.எல்.பி. 9 இருந்தால்தான் மொழிக்கு முழு 20. 7, 8 என்றால் பகுதிக்கு 3, 5, 6 என்றால் பகுதிக்கு 1.

18 செப்டம்பர் 2025

நேற்றுக் கல்வித் துறை டிரா வந்துவிட்டது! 2,500 பேர், கட்ஆஃப் 462.

உடனே உங்கள் மனைவிக்குக் கணக்குப் போட்டேன். வயது 90, முதுகலை 126, சி.எல்.பி. 9 எடுத்தால் 116, அந்தச் சேர்க்கை மார்க் 100. இதுவே 432. உங்கள் பி.இ.க்கு 8, உங்கள் ஆங்கிலத்துக்கு 12. மொத்தம் 452. உங்களை விட்டுவிட்டுத் தனியாகப் போனால் 458. ஆக உங்களைக் கூட்டிப்போவதில் அவருக்கு 6 மார்க்தான் குறைகிறது. 293ல் தொடங்கிய கதை 452க்கு வந்துவிட்டது பாருங்கள். இன்னும் 10 மார்க் எங்கிருந்து வரும் என்று யோசியுங்கள். நானும் யோசிக்கிறேன்.

18 செப்டம்பர் 2025, சற்று நேரம் கழித்து

தங்கை கனடாவின் பிராம்ப்டனில் பி.ஆராக இருக்கிறாள் என்று இப்போதுதான் சொல்கிறீர்கள்! "அது என் தங்கை, மனைவி பெயரில் போட்டால் கணக்கில் வராதே" என்று எழுதியிருக்கிறீர்கள். வரும். மெயினாக இருப்பவரின் உடன்பிறப்பானாலும் சரி, துணையின் உடன்பிறப்பானாலும் சரி, 18 வயதுக்கு மேல், கனடாவில் வசிக்கிற குடிமகனோ பி.ஆரோ என்றால் 15 மார்க். நாத்தனார் மார்க் அண்ணிக்குப் போகிறது. 467.

தங்கையின் பி.ஆர். கார்டு நகலும், அவர் அங்கே வசிக்கிறார் என்பதற்கு வாடகை ஒப்பந்தமோ பில்லோ, உங்கள் இருவருக்கும் ஒரே பெற்றோர் என்று காட்டும் பிறப்புச் சான்றுகளும் வேண்டும். இப்போதே கேட்டு வாங்கிவிடுங்கள்.

21 செப்டம்பர் 2025

டெஸ்ட் பற்றி. ஐ.ஈ.எல்.டி.எஸ். என்றால் ஜெனரல் டிரெய்னிங்தான் எழுதவேண்டும். என் வீட்டுக்காரர் முதல் தடவை தெரியாமல் அகாடமிக்கில் பதிந்து, எழுதி, நல்ல மார்க்கும் எடுத்து வந்தார். எக்ஸ்பிரஸ் என்ட்ரிக்கு அது செல்லாது. கட்டிய பணம் போனதுதான். ஃபார்மில் அந்தக் கட்டத்தை டிக் செய்யும்போது யாராவது பக்கத்தில் நின்று பாருங்கள். செல்பிப், பி.டி.ஈ. கோர் இரண்டையும்கூட ஏற்றுக்கொள்கிறார்கள்.

சி.எல்.பி. 9க்கு லிசனிங் 8, மற்ற மூன்றிலும் 7. ஒன்றில் அரை மார்க் குறைந்தாலும் அந்தச் சேர்க்கை மார்க் 100லிருந்து 50க்கு விழுந்துவிடும். எனக்கு ரைட்டிங்தான் பயம். நைட் டூட்டி முடித்து வந்து, அடுப்படியில் டைமரை 20 நிமிடம் வைத்து ஒரு லெட்டர், 40 நிமிடம் வைத்து ஒரு கட்டுரை. லெட்டர் 150 வார்த்தை, கட்டுரை 250. குக்கர் விசிலையும் டைமரையும் குழப்பிக்கொண்டு பாதியில் எழுந்த நாள்கூட உண்டு. ஒன்றரை மாதம் அப்படிப் போனது. குழந்தையை அந்த ஒரு மணி நேரம் இவர் மாடிக்குத் தூக்கிக்கொண்டு போய்விடுவார். உங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன் அண்ணா: மனைவியை மெயினாகப் போடுவது என்று முடிவெடுத்தால் அந்த ஒரு மணி நேரத்தையும் அவருக்குக் கொடுங்கள். பள்ளிக்கூட வேலை, வீட்டு வேலை, குழந்தை எல்லாம் அப்படியே இருக்க, டெஸ்ட்டையும் அவர் தலையில் வைத்தால் 9 வராது.

2 அக்டோபர் 2025

ஆஸ்திரேலியா எப்படி என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நான் அங்கே போடவில்லை, விதி தெரிந்தவரை சொல்கிறேன். அங்கே துணைக்கான மார்க் இன்னும் நேரடி. துணைக்கு 45 வயதுக்குள் இருந்து, அதே திறன் பட்டியலில் ஒரு தொழில், அதற்கான தகுதி மதிப்பீடு, 'காம்பிடன்ட்' என்கிற தரத்தில் ஆங்கிலம் எல்லாம் இருந்தால் 10. ஆங்கிலம் மட்டும் இருந்தால் 5. தனியாளுக்கும் 10, துணை ஏற்கெனவே அங்கே குடிமகனோ பி.ஆரோ என்றாலும் 10. துணைக்கு அடிப்படை ஆங்கிலம்கூட இல்லை என்றால் இரண்டாம் தவணைக் கட்டணம் என்று 5,000 ஆஸ்திரேலிய டாலருக்குச் சற்றுக் குறைவாகக் கட்டவேண்டும். அங்கேயும் வயதுக்கு 25லிருந்து 32 வரைதான் முழு 30 மார்க். இளையவர் பெயரில் முதலில் கணக்குப் போடுங்கள் என்பது அங்கேயும் பொருந்தும்.

5 அக்டோபர் 2025

பணம். கையிருப்பு வரம்பு ஒவ்வொரு வருடமும் மாறும். 2025 ஜூலையில் வந்தபடி இரண்டு பேருக்கு 19,001 கனடா டாலர், மூன்று பேருக்கு 23,360. கடன் வாங்கிய பணம் செல்லாது, வீட்டு மதிப்பு கணக்கில் வராது. வங்கிக் கடிதத்தில் ஆறு மாத சராசரி இருப்பையும் கேட்பார்கள், அதனால் கடைசி வாரத்தில் கொண்டுபோய்ப் போட்டால் பதில் சொல்லவேண்டி வரும். மாமனார் கொடுத்த ஒரு தொகை தாமதமாக எங்கள் கணக்குக்கு வந்தது. இது அன்பளிப்பு, திரும்பக் கேட்கமாட்டேன் என்று அவரிடம் எழுதி வாங்கி, அவருடைய வங்கி அறிக்கையையும் சேர்த்து வைத்தோம்.

பணம் முழுக்கக் கணவர் கணக்கில் இருந்தால் இப்போதே ஜாயின்ட் கணக்கு ஆக்கிவிடுங்கள். மெயினாக இருப்பவர் கைக்கு அந்தப் பணம் எட்டும் என்று காட்டவேண்டும். கல்யாணமான நாளிலிருந்து என் சம்பளமும் அவர் கணக்குக்கே போய்க்கொண்டிருந்ததை அன்றைக்குத்தான் நான் யோசித்துப் பார்த்தேன்.

2025ல் அரசுக் கட்டணம்: பெரியவர் ஒருவருக்கு விண்ணப்பத்துக்கு 950, நிரந்தர வசிப்புரிமைக்கு 575, குழந்தைக்கு 260. மூன்று பேருக்கு 3,310 டாலர், அதோடு குடும்பத்துக்கு பயோமெட்ரிக் 170.

6 அக்டோபர் 2025

பெயர். பாஸ்போர்ட்டில் என் பெயரோடு அப்பா பெயர், மார்க் ஷீட்டில் வெறும் இனிஷியல், குழந்தையின் பிறப்புச் சான்றில் கணவர் பெயரோடு. மூன்றும் ஒரே ஆள்தான் என்று நோட்டரியிடம் ஓர் அஃபிடவிட் வாங்கி எல்லா இடத்திலும் வைத்தேன். ஒரு கேள்வியும் வரவில்லை.

19 அக்டோபர் 2025

இத்தனை நாள் மார்க்கைப் பற்றியே எழுதிவிட்டேன். எழுதாமல் விட்ட ஒன்று மனதை உறுத்துகிறது.

மெயின் நான் என்று ஆனதும், போய் இறங்கியவுடன் நான்தான் முதலில் சம்பாதிப்பேன் என்று ரெண்டு பேருமே எடுத்துக்கொண்டோம். நர்ஸ் என்று சொல்லித்தானே கூப்பிட்டார்கள்! ஆனால் பி.ஆர். கொடுப்பது மத்திய அரசு, நர்ஸ் உரிமம் கொடுப்பது மாகாணம். இ.சி.ஏ. என் படிப்புக்கு மதிப்புப் போட்டதே தவிர, வார்டில் நிற்க அது அனுமதி தரவில்லை. வந்து பல மாதம் நான் முதியோர் இல்லத்தில் உதவியாளராக வேலை பார்த்தேன். எட்டு வருடம் ஐ.சி.யூ.வில் இருந்தவள், மருந்து டிராலியைத் தொடக்கூடாது. ஒரு பாட்டிக்கு மூச்சு வாங்குவதைப் பார்த்து என்ன செய்யவேண்டும் என்று எனக்குத் தெரியும், ஆனால் மணியை அடித்துவிட்டு நிற்கத்தான் முடியும். அந்த நாட்களில் வீட்டை ஓட்டியது 'டிபெண்டன்ட்' என்று காகிதத்தில் இருந்த என் வீட்டுக்காரர். இறங்கி இரண்டே மாதத்தில் அவருக்கு வேலை கிடைத்துவிட்டது.

டீச்சருக்கும் அப்படித்தான். அரசுப் பள்ளியில் பாடம் நடத்த மாகாணச் சான்றிதழ் வேண்டும், ஒவ்வொரு மாகாணத்துக்கும் தனி விதி. உங்கள் மனைவியின் பல்கலைக்கழகத்திலிருந்து நேரடியாக மதிப்பெண் பட்டியல் அனுப்பச் சொல்வார்கள். அந்த வேலையை ஊரில் இருக்கும்போதே தொடங்குங்கள், இங்கிருந்து செய்வது ரொம்பச் சிரமம். யார் பெயரில் போடுவது என்பதையும், போனதும் யார் முதலில் வேலைக்குப் போவது என்பதையும் தனித்தனியாக உட்கார்ந்து பேசிவிடுங்கள். நாங்கள் பேசவில்லை. அதனால் முதல் குளிர்காலம் முழுக்க நான் குறுகிப்போய் இருந்தேன், இவர் அதைப் பார்த்து வருந்திக்கொண்டிருந்தார்.

அந்த 'டிபெண்டன்ட்' சொல் பற்றியும் சொல்லவேண்டும். இவர் நண்பர் ஒருவர், "என்னப்பா, பொண்டாட்டி விசாவுலயா போற?" என்று கேட்டார். இவர் "ஆமா, அவ மார்க்குலதான் போறோம்" என்று சொன்ன விதம் இன்னும் என் காதில் இருக்கிறது. உங்கள் வீட்டிலும் யாராவது கேட்பார்கள்.

20 அக்டோபர் 2025

சில பேர் கேட்டதற்குச் சுருக்கமாக. துணை தனியாக முன்னால் போய் இறங்க முடியாது, மெயின் முதலில் இறங்கவேண்டும், அல்லது சேர்ந்து இறங்கவேண்டும். பி.ஆரைத் தக்கவைக்க 5 வருடத்தில் 730 நாள் ஆளாளுக்குத் தனிக் கணக்கு. கல்யாணம் ஆகாமல் சேர்ந்து வாழ்பவர்கள் 12 மாதம் தொடர்ந்து ஒரே வீட்டில் இருந்ததற்குச் சான்று காட்டவேண்டும். கடந்த 10 வருடத்தில் எந்த நாட்டிலாவது தொடர்ந்து 6 மாதம் இருந்திருந்தால் அங்கிருந்து போலீஸ் சான்று, மெயினுக்கும் துணைக்கும். இவர் ரெண்டு வருடம் வேறு நாட்டில் வேலை பார்த்தவர். அழைப்பு வந்த பிறகு விண்ணப்பத்தை அனுப்ப 60 நாள்தான் கெடு, அது முடிய ஐந்து நாள் இருக்கும்போதுதான் அந்தச் சான்று கைக்கு வந்தது.

23 நவம்பர் 2025

மனைவியின் ரிசல்ட்டைப் படித்துவிட்டு இங்கே நான் சத்தமே போட்டுவிட்டேன். லிசனிங் 8.5, ரீடிங் 8, ரைட்டிங் 7, ஸ்பீக்கிங் 7.5. ரைட்டிங்கில் சி.எல்.பி. 9, மற்ற மூன்றும் 10. மொழிக்கு 125. மொத்தம் 476.

டிசம்பரில் அவருக்கு 32 ஆகிறது, அன்றைக்கு 5 மார்க் குறைந்து 471 ஆகும். போன டிராவின் 462க்கு அது மேலேதான், அடுத்தது எவ்வளவில் நிற்கும் என்று யாரும் சொல்ல முடியாது. ஒரே மார்க்கில் பலர் நின்றால் முதலில் ப்ரொஃபைல் போட்டவருக்கே முன்னுரிமை, அதனால் இந்த வாரமே அவர் பெயரில் போட்டுவிடுங்கள். ப்ரொஃபைல் 12 மாதம் நிற்கும்.

எங்கள் காலத்துக்கும் உங்களுக்கும் ஒரு மாற்றம் இருக்கிறது. 2025 ஆகஸ்ட் 21லிருந்து மெடிக்கலை விண்ணப்பத்தோடேயே சேர்த்து அனுப்பவேண்டும். எங்களுக்குப் பிறகுதான் கேட்டார்கள். அழைப்பு வந்ததும் அந்த 60 நாளுக்குள் மூன்று பேரும் போயாகவேண்டும், அங்கீகரித்த டாக்டர் யார் என்று இப்போதே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். பிரின்சிபாலிடம் அனுபவக் கடிதம் கேட்கும்போது பதவி, சேர்ந்த தேதி, வாரத்துக்கு எத்தனை மணி நேரம், சம்பளம், என்னென்ன வேலை செய்தார் என்று எல்லாம் இருக்கிறதா பாருங்கள். 'நல்ல ஆசிரியை' என்று மட்டும் எழுதிக் கொடுத்தால் திருப்பிக் கொடுத்து மறுபடி வாங்குங்கள்.

அவரையே இங்கே வந்து எழுதச் சொல்லுங்கள் அண்ணா. மாகாணச் சான்றிதழ் பற்றி அவரிடம் நேராகப் பேசவேண்டும்.